தைப்பட்ட மக்காச்சோளத்துக்குக் கரையும் உரம்: சில போகம் போட்டுப் பார்த்த அனுபவம்

பங்காளி ஒருத்தர் போனில் கேட்டார்: "கரையும் உரம் போட்டா ரெண்டாம் போகம் நிஜமாவே எடுத்துக் குடுக்குதுங்களா?" தைக்கு விதை வாங்கி வைத்துவிட்டாராம், உரம்தான் பாக்கி. போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. சொட்டுநீர், வென்சுரி (உரக் கரைசலைக் குழாய்க்குள் இழுத்துவிடும் கருவி), 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 19 சதவீதம் உள்ள கரையும் உரம்) எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன், அதனால் அடிப்படைக்குள் போகவில்லை.

எங்கள் பக்கம் உடுமலை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் மண்டலம் மண்டலமாகத்தான் விடுவார்கள். நம் முறை இல்லாத காலத்தில் போர் தண்ணிதான் கதி. புரட்டாசியில் மழையை நம்பி விதைக்கும் முதல் போகம் எப்படியும் தேறிவிடும். தையில் விதைப்பதுதான் சோதனை. முதல் போகம் மண்ணில் இருந்ததை உறிஞ்சிவிட்டுப் போயிருக்கும். பூ வரும் நேரம் பங்குனி வெயில் நெற்றியில் அடிக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் போகத் தட்டையை (கதிர் அறுத்த பின் நிற்கும் தண்டை) மடக்கி உழுதுவிட்டு உடனே விதைக்கிறோம். அந்தத் தட்டை மக்குவதற்கு மண்ணில் உள்ள நுண்ணுயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். தட்டையில் அது குறைவு என்பதால் மண்ணில் இருப்பதை அவை எடுத்துக்கொள்ளும். பயிர் முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் வெளுத்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். விதை சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டையை மடக்காமல் விட்டுவிடலாமா என்றால் வேண்டாம், மண்ணுக்கு அது நல்லது. அந்த மூன்று வாரத்தைத் தாண்ட வைப்பதுதான் நம் வேலை.

சொட்டுநீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தழைச்சத்து கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்த வெளுப்பு எங்கள் காட்டில் இல்லை. இவ்வளவு வித்தியாசம் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முழங்கால் உயரத்திலேயே இலை கரும்பச்சையாக, அகலமாக நிற்கிறது. அந்தப் பருவத்தில்தான் கதிரில் எத்தனை வரிசை மணி என்பது முடிவாகிறது. வரிசையின் நீளம் அதற்குப் பிறகு, கதிர் நுனியில் பட்டுநூல் வரும்வரைக்கும் தீர்மானமாகிக்கொண்டே போகும். அறுவடையில் கதிரை உரித்துப் பார்த்தால் நுனி வரை மணி பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் தைப்பட்டக் கதிர் என்றால் நுனியில் இரண்டு விரக்கடை மொட்டையாக இருக்கும். இரண்டாம் போகம் இப்போது முதல் போகத்தை எட்டிப் பிடிக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்தப் பெருமையில் பெரும் பங்கு சாதாரண யூரியாவுக்குத்தான் சேர வேண்டும். வேளாண் பல்கலைக்கழகம் இறவை வீரிய ஒட்டு ரகத்துக்குச் சொல்லும் அளவு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 250:75:75 கிலோ, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து. மேலே தூவும் யூரியா, கார மண்ணில், மாசி வெயிலில் அம்மோனியாவாக ஆவியாகிப் போகிறது. அதே யூரியாவைக் கரைத்துச் சொட்டுநீரில் விட்டால் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கிவிடும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. 25 கிலோ கரையும் உர மூட்டையின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். அடைப்பு. எங்கள் போர் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. வீட்டுப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அந்த ரகம். அதில் 19:19:19 கலந்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுகிறது. கொஞ்ச நாளில் கடைசி வரிசைச் செடிகள் வாட ஆரம்பிக்கும். குழாயை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே டிரிப்பரில் (தண்ணீர் சொட்டும் துளையில்) வளைந்து வளைந்து போகும் பாதை, அரிசி மாவை அப்பியது போல அடைத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. வடிகட்டியை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை, ஏனென்றால் உப்பு உண்டாவதே வடிகட்டியைத் தாண்டித்தான். ஒவ்வொரு போகமும் இதே கதை.

விற்கிறவர் யாரும் இதைச் சொல்வதில்லை. மூட்டையில் "100 சதவீதம் நீரில் கரையும்" என்று போட்டிருக்கிறது. எந்த நீரில்? கடையில் செய்து காட்டும்போது கண்ணாடி டம்ளரில் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்துக் காட்டினார்கள், பளிங்குபோல் இருந்தது. என் போர் தண்ணியில் கரைத்தால் அரை மணி நேரத்தில் கலங்குகிறது. இதைச் சொல்லாமல் விற்பதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

ஆசிட் விட்டுத்தான் சரி செய்கிறோம். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. குழாயில் போகும் தண்ணீரின் கார அமில நிலை (pH) 4 அளவுக்கு இறங்கும்படி விட்டு, ஒரு நாள் அப்படியே நிறுத்தி, மறுநாள் கடைசி மூடியைத் திறந்து அலசிவிட வேண்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரும் இறங்காதீர்கள். வேலைக்கு வரும் ஆட்கள் இதைச் செய்யத் தயங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மணிச்சத்தைக் குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் 17:44:0 பரவாயில்லை. அது யூரியா பாஸ்பேட், தன்னளவிலேயே அமிலம் என்பதால் அடைப்பு நன்றாகக் குறைகிறது. கால்சியம் நைட்ரேட்டை இந்த மணிச்சத்து உரங்கள் எதனோடும் ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள். ஜிங்க் சல்பேட்டும் அப்படித்தான், டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தோடு கலந்தால் இரண்டும் வீண். எதை வாங்கினாலும் முதலில் உங்கள் போர் தண்ணியில் ஒரு பாட்டில் கலந்து ஓரிரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள். கலங்கினால் குழாய்க்குள் விடாதீர்கள்.

அப்புறம் அந்தப் பாட்டில். நானோ யூரியா, இலையில் தெளிக்கும் திரவ யூரியா. முதலில் வந்தது 4 சதவீதத் தழைச்சத்து, அரை லிட்டர் பாட்டிலில் 20 கிராம். ஒரு யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். இலையில் தெளித்தால் கொஞ்சம் பச்சை கொடுக்கிறது, அதை மறுக்கவில்லை. மூட்டைக்குப் பதில் பாட்டில் என்பதை மட்டும் மக்காச்சோளம் போன்ற பெருந்தீனிப் பயிரில் நான் ஏற்க மாட்டேன். யூரியா தட்டுப்பாடு வரும்போது "பாட்டில் எடுத்தால்தான் மூட்டை" என்று ஒரு கடையில் கட்டாயப்படுத்தினார்கள். விவசாயியின் அவசரத்தில் கை வைக்கிற வேலை அது.

பங்காளிக்கு என் பதில் இது. கரையும் உரத்தால் என் இரண்டாம் போகம் கூடியது உண்மை. ஆனாலும் இந்தத் தைக்கு நான் 19:19:19 வாங்கப் போவதில்லை. மணிச்சத்து முழுவதும் டி.ஏ.பி.யாக அடியுரத்தில் போகட்டும். யூரியாவை வாரம் ஒருமுறை சொட்டுநீரில், பாசன நேரத்தின் நடுப்பகுதியில் விட்டு, கடைசியில் வெறும் தண்ணீர் ஓட விடுங்கள். சாம்பல் சத்துக்கு வெள்ளை பொட்டாஷ் மலிவுதான், ஆனால் அதில் குளோரைடு உண்டு. உங்கள் தண்ணி ஏற்கெனவே உப்பு என்றால் பூ வருவதற்கு முன் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) கொடுங்கள். அதில் மணிச்சத்து இல்லை, அதனால் இந்த அடைப்புத் தொல்லையும் இல்லை. அந்த ஒரு மூட்டைக்கு மட்டும் காசு எடுத்து வையுங்கள். தை கடைசிக்குள் விதைத்துவிடுங்கள், மாசிக்குத் தள்ளினால் பூ கடும் வெயிலில் மாட்டும், அதற்கு எந்த உரமும் உதவாது.