நேரம் உண்டு, எடை இல்லை: காரைக்குடியில் ஒரு கிராஸ்ஃபிட் பாணி ஜிம்

எடை தூக்குவதையும் உடற்பயிற்சியையும் கலந்து, நேரம் பார்த்துச் செய்வது கிராஸ்ஃபிட். இந்த ஜிம் பழைய குடோன் ஒன்றை மாற்றி அமைத்த கூடம். பேட்ச்சுக்கு 12 பேர், ஒரு கோச், சுவரில் பெரிய கடிகாரம், அதற்குக் கீழே ஒயிட்போர்டு. இந்த இடத்தின் பலமும் பலவீனமும் அந்தப் போர்டுதான்.

முதலில் பலம். வார்ம்-அப்புக்கு 12 நிமிடம் முழுதாக ஒதுக்குகிறார்கள். ஸ்குவாட்டில் இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்காவிட்டால் கோச் அந்த ரெப்பை, அதாவது அந்த ஒரு தடவையை, எண்ணுவதில்லை. முகம் பார்த்து விட்டுக்கொடுப்பதும் இல்லை. இது பெரிய விஷயம். எண்ணிக்கையில் கறார் இல்லாத இடத்தில் போட்டி வந்தால் ஆளாளுக்கு அரை ஸ்குவாட் போட்டு நேரத்தைக் குறைப்பார்கள்.

குறை என்னவென்றால், போர்டில் பெயரும் நேரமும் மட்டுமே ஏறுகின்றன, எடை ஏறுவதில்லை. கிராஸ்ஃபிட்டில் 'ஃபிரான்' என்று பெயர் வைத்த பயிற்சி நாளை எடுத்துக்கொள்ளுங்கள்: கம்பியைத் தோளில் வைத்து ஸ்குவாட் போட்டு எழும்போதே தலைக்கு மேல் தள்ளும் த்ரஸ்டரும், புல்-அப்பும் மாறி மாறி 21, 15, 9 தடவை. ஆண்களுக்கு 43 கிலோ, பெண்களுக்கு 30 கிலோ என்பது அதன் முழு அளவு. 25 கிலோவில் 6 நிமிடம் எடுத்தவர் மேலே, 43 கிலோவில் 8 நிமிடம் எடுத்தவர் கீழே. மறுவாரம் எல்லோரும் 43-ஐத் தூக்குகிறார்கள். இது சில நிமிடங்களில் மூச்சு முட்ட முடிய வேண்டிய பயிற்சி. முதல் 21 ரெப்பை இரண்டு தவணைக்குள் முடிக்க முடியாவிட்டால் எடை அதிகம் என்று அர்த்தம். அப்போது முழங்கை தொங்கும், முட்டி உள்ளே சாயும், கம்பியின் பாரத்தைக் கீழ்முதுகு வாங்கும். 18 நிமிடம் இழுத்துப் பறித்து முடித்தாலும் அது ஃபிரான் ஆகாது. இளவட்டக்கல்லை ஊரே கூடிப் பார்த்தது உண்மைதான். ஆனால் யாரும் அதை 45 தடவை தூக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச் பிடிக்கவில்லை.

புல்-அப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். ஆடி ஏறும் கிப்பிங்கைப் புதியவர்களுக்கும் இரண்டாவது வாரமே அனுமதிக்கிறார்கள். ஆடாமல் 5 புல்-அப் எடுக்க வராதவருக்கு அந்த வீச்சைத் தோள்மூட்டுதான் தாங்க வேண்டியிருக்கும். கயிற்று வளையத்தில் சாய்ந்து இழுக்கும் ரிங் ரோ கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வருபவர்கள் குதித்து ஏறி மெதுவாக இறங்கும் புல்-அப்பை முதல் நாளே நூறு எடுக்கக் கூடாது. இறங்கும்போது விழும் பாரம்தான் தசையை அதிகம் சிதைக்கிறது. கை வீங்கி நீட்ட முடியாமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கும் ராப்டோமயோலிசிஸாக இருக்கலாம், சிறுநீரகத்துக்கு ஆபத்து. வலி மாத்திரை போட்டுப் படுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த எச்சரிக்கை சுவரில் எங்கும் இல்லை.

வாரம் 6 நாளும் கடிகாரத்தோடு பயிற்சி போடுகிறார்கள். அன்லிமிடெட் கார்டு எடுத்தவர்கள் காசு வீணாகக் கூடாதென்று ஆறு நாளும் வருகிறார்கள். மூன்று நாள் போதும். இன்னும் இரண்டு நாள் நேரம் பார்க்காமல் டெக்னிக், மெதுவான ரோயிங். காலை எழுந்ததும் நாடியைப் பாருங்கள். வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடியிருந்தால் அன்று எடையைக் குறைக்கலாம். நோட்டு ஒன்று வாங்கித் தேதி, எடை, நேரம் மூன்றையும் எழுதி, 8 வாரம் கழித்து அதே எடையில் மறுபடி பாருங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்து 20 வயதுப் பையனும், நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு வரும் 45 வயதுக்காரரும் ஒரே பேட்ச்சில் நிற்கும் ஊரில் இந்த நோட்டுதான் நியாயமான போர்டு.

சாமான்கள் நன்றாகவே இருக்கின்றன. 15 கிலோ கம்பி மட்டும் இரண்டே இரண்டு. பிந்தி வருபவருக்கு 20 கிலோ கம்பிதான் கிடைக்கும். தரையில் ரப்பர் விரித்திருக்கிறார்கள், புல்-அப் கம்பிக்கு அடியில் மட்டும் பழைய ஆத்தங்குடிக் கல் அப்படியே கிடக்கிறது. பார்க்க அழகு, வியர்வை சொட்டினால் வழுக்கும். பாக்ஸ் ஜம்ப்பை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தகரக் கூரை என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் மாலை 5 மணி பேட்ச் அடுப்பங்கரை மாதிரி. வெக்கைக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை பாதி ரவுண்டு, நடுவில் உப்புப் போட்ட நீர்மோர். காலை 5.30 பேட்ச் கிடைத்தால் அதையே எடுங்கள். கூட்டமும் குறைவு, 15 கிலோ கம்பியும் கைக்கு வரும்.