ஏற்காடு புரோகிராமுக்குப் போகிற வாத்தியக்காரர்களே, ஸ்கிரீன்ஷாட்டை நம்பி மலை இறங்காதீர்கள்

சேலத்தில் பதினெட்டு வருஷமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். சர்ச், கல்யாண ரிசப்ஷன், மெல்லிசைக் குழு என்று வாசித்துத்தான் வீட்டு வாடகை கட்டுகிறேன். ஆனால் உயிர் ஜாஸில். ஆறு வருஷமாக நாலு பேர் கொண்ட ஜாஸ் குழு ஒன்றை நடத்துகிறேன். போன மாதம் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட் பார்ட்டிக்கு எங்களைக் கூட்டிப்போன ஏஜென்ட் 45,000 ரூபாயை ஏமாற்றிவிட்டார். இன்னொருத்தர் மாட்டக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேசியது 60,000. அட்வான்ஸ் 15,000 சொன்ன நாளில் வந்துவிட்டது, அதில்தான் நம்பினேன். "டிரம் செட் அங்கயே இருக்குதுங்கண்ணா, குச்சி மட்டும் கொண்டாங்க போதும்" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று என் ரைடு சிம்பலை, அதாவது குச்சியால் தாளத்தை ஓட்டிக்கொண்டே இருக்கிற பெரிய உலோகத் தட்டை, எடுத்துப்போனேன். அங்கே இருந்த ரைடில் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி, வெளிச்சத்தில் தெரியாதபடி பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். 1940-களில் கென்னி கிளார்க் போன்ற ஜாஸ் டிரம்மர்கள் தாளத்தின் ஓட்டத்தை, காலால் அடிக்கிற பாஸ் டிரம்மிலிருந்து ரைடுக்குக் கொண்டுவந்த பிறகு, ஜாஸுக்கு அந்தத் தட்டுதான் மூச்சு. அந்த டேப்பைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முடியும்போது ராத்திரி 12:30. என் போனுக்கு அங்கே சிக்னல் இல்லை, வைஃபை ஏஜென்ட் போனில் மட்டும். "போட்டாச்சுங்கண்ணா, பாருங்க" என்று நீட்டினார். பச்சை டிக், என் பேர், 45,000. பனி இறங்கிக்கொண்டிருந்தது. சாக்ஸ் வாசிக்கிற தம்பிக்கு விடிகாலை பெங்களூர் பஸ். அந்தத் திரையை என் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்ததும் நாலு பேர் போனிலும் மெசேஜ் மளமளவென்று விழுந்தது. பேங்க் மெசேஜ் மட்டும் இல்லை. வேன் லைட்டில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யூபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம் இருக்கும். அதில் 11தான் இருந்தது. மூன்று தடவை எண்ணினேன்.

காலையில் "சர்வர் பிரச்சினைங்கண்ணா" என்றார், அப்புறம் திங்கட்கிழமை என்றார், அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ரிசார்ட்டில் கேட்டால் அவரிடம் முழுப் பணமும் கொடுத்தாயிற்று என்கிறார்கள்.

மற்ற மூன்று பேருக்கும் வேனுக்கும் நானே கொடுத்தேன். புது ஸ்னேர் டிரம் வாங்கச் சேர்த்த காசு அதில் போயிற்று. சிக் வெப், ஆர்ட் பிளேக்கி என்று டிரம்ஸில் உட்கார்ந்தபடியே குழுவை நடத்தியவர்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். பிளேக்கி 30 வருஷத்துக்கும் மேலாக ஜாஸ் மெசஞ்சர்ஸ் என்ற குழுவை நடத்தினார். லீ மார்கன், வெய்ன் ஷார்ட்டர் மாதிரி எத்தனையோ இளைஞர்கள் அங்கே வாசித்துத்தான் தேறினார்கள். என் பேஸ் கிட்டார் பையனுக்கு 21 வயசு. வாசித்த ராத்திரிக்குப் பணம் வராது என்று அவன் மனசில் பதிந்தால் அடுத்த மாதமே வேறு வேலைக்குப் போய்விடுவான். அவன் போனால் எனக்கு வேறு பேஸ் கிடையாது.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். அதை அன்று ராத்திரியே செய்திருக்க வேண்டும், நான் அவர் சொன்ன திங்கட்கிழமையை நம்பி நாலு நாளைத் தொலைத்தேன். மலையில் வாசிப்பவர்கள் பாதிப் பணத்தை முன்னாடியே வாங்குங்கள். மீதியை இடைவேளையில், இரண்டாம் செட்டுக்கு உட்காரும் முன் கேளுங்கள். சிக்னல் இல்லையென்றால் அவர் வைஃபையைக் கேட்டு வாங்கி உங்கள் பேங்க் பேலன்ஸை நீங்களே பாருங்கள். ரிசார்ட் மேனேஜர் நம்பரும் உங்களிடம் இருக்கட்டும்.

புகார் நடப்பதால் ஆளின் பேரை இங்கே போடவில்லை. மே மாதக் கோடை விழா சீசனுக்கு ஏற்காட்டில் புரோகிராம் ஒத்துக்கொண்டவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள். உங்களிடம் பேசியது அதே ஆள்தானா என்று சொல்லிவிடுகிறேன்.