ஆபரேஷன் வரிசையை எங்கே மாற்றுவது: பட்டியலிலா, போஸ்ட்டிலா, ஜி-கோடிலா?

சிஎன்சி மெஷின் வெட்ட வேண்டிய பாதையைத் தயாரிக்கும் கேம் (CAM) மென்பொருளில் எல்லா ஆபரேஷனையும், அதாவது ஒவ்வொரு வெட்டு வேலையையும், போட்டு முடித்த பிறகுதான், "இந்த ஃபேசிங்கை (மேல்பரப்பைச் சீவுவதை) துளை போடுவதற்கு முன்னால் வைத்திருக்கலாமே" என்று தோன்றும். மாற்ற மூன்று வழி உண்டு: பட்டியலில் கையால் இழுத்து வைப்பது, போஸ்ட் செய்யும்போது (பாதைகளை மெஷின் படிக்கும் ஜி-கோடாக எழுதும்போது) டூல் வாரியாக மென்பொருளையே அடுக்கச் சொல்வது, வெளிவந்த ஜி-கோடில் வெட்டி ஒட்டுவது.

மூன்றாவதை முதலிலேயே முடித்துவிடுகிறேன்: வேண்டாம். ஒரே 10 மி.மீ. எண்ட்மில் கட்டரில் அடுத்தடுத்து இரண்டு ஆபரேஷன் இருந்தால், டூலை அழைக்கும் எம்6, டூலின் நீளத்தைக் கணக்கில் எடுக்கும் ஆஃப்செட்டுக்கான ஜி43 இரண்டும் பெரும்பாலும் முதலாவதன் தலையில் மட்டும்தான் இருக்கும். ஒருமுறை இரண்டாவது துண்டை மட்டும் வெட்டி டிரில்லிங்குக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன். டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் டிரில் நிற்கிறது, புரோகிராமோ பக்கச் சுவரைச் சீவப் போகிறது. ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டும் சிங்கிள் பிளாக்கில் ஓட்டியதால் தப்பித்தேன்.

இழுத்து வைப்பது எல்லோரும் செய்வது. மாஸ்டர்கேம் என்ற கேம் மென்பொருளில் புது ஆபரேஷன் எங்கே விழும் என்பதைச் சிவப்பு அம்புக்குறி காட்டும். அதை முதலிலேயே சரியான இடத்துக்கு நகர்த்தினால் பாதி வேலை மிச்சம். என்எக்ஸ் மென்பொருளில் கொஞ்சம் கவனம் வேண்டும். புரோகிராம் வரிசைக் காட்சியில் இழுத்தால் வரிசை மாறும். டூல் காட்சியில் ஓர் ஆபரேஷனை வேறு டூலின் கீழ் இழுத்துப் போட்டால் அதன் டூலே மாறிவிடும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி மரம்தான்.

இழுப்பதில் உள்ள இன்னொரு சிக்கல், மிச்சப் பொருளை மட்டும் வெட்டும் ரெஸ்ட் மெஷினிங். முன்னால் எது ஓடியது என்பதை வைத்தே அதன் பாதை கணக்கிடப்படுகிறது. ரஃபிங்கை (முதலில் போடும் தோராய வெட்டை) அதற்குப் பின்னால் தள்ளினால் பழைய பாதை செல்லாது. மறுபடி ஜெனரேட் செய்து, சிமுலேஷனையும் முதலிலிருந்து ஓட்டித்தான் ஆக வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் ஒற்றைப் பாகத்துக்கு என் ஓட்டு இதற்கே.

டூல் வாரியாக அடுக்குவது கேட்க நன்றாக இருக்கும். டூல் மாற்றம் குறைந்தால் நேரம் மிச்சம், சரி. ஆனால் பாகத்துக்குள் வரிசைக்கு ஒரு காரணம் இருக்கும். 90 டிகிரி ஷாம்ஃபர் டூலால் முதலில் துளை மையங்களைக் குத்துகிறோம், கடைசியில் அதே டூலால் விளிம்பின் கூர்மையைச் சாய்வாகச் சீவி உடைக்கிறோம் என்று வையுங்கள். டூலை மட்டும் பார்த்து அடுக்கினால் இரண்டும் ஒன்றாக முன்னால் வந்துவிடும். அளவு சரியாகவே வரும். ஆனால் பிறகு ஓடும் ஃபினிஷிங் கட் அதே விளிம்பில் மறுபடி பிசிறு கிளப்பும். ரஃபிங் முடிந்து கிளாம்பைத் தளர்த்தி, பொருளின் இறுக்கம் போன பிறகு அதே எண்ட்மில்லால் ஃபினிஷ் செய்யும் வேலையிலும் இதே கதைதான்.

ஃபியூஷன் என்ற மென்பொருள் இந்த இடத்தில் புத்திசாலி. போஸ்ட் செய்யும்போது டூல் மாற்றத்தைக் குறைக்கும் தேர்வைப் போட்டால், செட்டப்புகளுக்கு (பாகத்தைப் பிடித்து வைக்கும் ஒவ்வொரு நிலைக்கு) இடையில்தான் கலைத்து அடுக்கும். ஒரு செட்டப்புக்குள் நாம் வைத்த வரிசை அப்படியே இருக்கும். ஃப்ரீகேட் மென்பொருளில் ஜாபின் (ஒரு வேலையின் மொத்தத் தொகுப்பின்) வெளியீட்டை ஃபிக்ஸ்சர் (பாகம் இருக்கும் இடத்துக்கான ஆஃப்செட்), டூல், ஆபரேஷன் என மூன்றில் எதன்படி வேண்டுமானாலும் அடுக்கலாம்.

பல முகங்களில் பாகங்களைப் பிடித்து டேபிளோடு திரும்பும் டூம்ஸ்டோனில்தான் டூல் வாரியாக அடுக்குவதற்கு அர்த்தம் வருகிறது. நான்கு முகத்திலும் ஒவ்வொரு பாகம், ஒவ்வொன்றுக்கும் அதே 5 டூல் என்றால், பாகம் பாகமாக ஓட்டினால் 20 டூல் மாற்றம், முகத்துக்கு முகம் 3 திருப்பம். டூல் வாரியாக ஓட்டினால் டூல் மாற்றம் 5. போக ஒரு திசை, வர மறு திசை என்று அடுக்கினாலும் திருப்பம் 15. ஆக 15 டூல் மாற்றத்தை மிச்சம் பிடித்து 12 திருப்பத்தைக் கூட்டுகிறோம். டேபிள் மெதுவாகத் திரும்பும் மெஷினில் இது நஷ்டமாகவே முடியலாம். மாற்றுமுன் இரண்டுக்கும் எத்தனை வினாடி என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், துளைக்குள் மரை வெட்டும் டேப் உடையும் பிரச்சினை. பாகம் பாகமாக ஓட்டும்போது மூன்றாவதில் உடைந்தால் இரண்டு பாகம் முழுதாகக் கையில் இருக்கும். டூல் வாரியாக ஓட்டினால் நான்குமே அரைகுறையாக நிற்கக்கூடும். அதனால் புது வேலையின் முதல் சுற்றுகளைப் பாகம் பாகமாகவே ஓட்டுகிறேன். டூல்கள் எத்தனை பாகம் தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் டூல் மாற்றத்தைக் குறைக்கும் அந்தத் தேர்வில் டிக் போடுவது.