கொளத்தூர் முதல்வர் படைப்பகம்: "அப்பறம் படிச்சிக்கலாம்"னு தள்ளிப் போடுறவங்களுக்கு ஏத்த இடம்

சென்னை கொளத்தூர்ல, அகரம் ஜெகந்நாதன் தெருவுல, உக்காந்து படிக்கவும் லேப்டாப் வெச்சி வேலை பாக்கவும் இருக்குற இடம் தான் முதல்வர் படைப்பகம். அத பத்தி யார கேட்டாலும் ஏசி இருக்குது, வைஃபை இருக்குது, ரேட் கம்மின்னு தான் சொல்றாங்க. எல்லாம் உண்மை தான், ஆனா எனக்கு அது முக்கியமா படுறது வேற காரணத்துக்கு. படிக்கணும் படிக்கணும்னு நெனச்சிக்கிட்டே நாள கடத்துற நம்ம ஏரியா பசங்கள அந்த இடம் உக்கார வைக்குது.

2024 நவம்பர் 4ம் தேதி தொறந்தாங்க. படிக்கிற பக்கம் 51 பேர், லேப்டாப் வெச்சி வேலை பாக்குற பக்கம் 38 பேர் உக்காரலாம். தொறந்தப்ப வெச்ச ரேட்டு படிக்கிறவங்களுக்கு அரை நாளுக்கு 5 ரூபா, வேலை பாக்குறவங்களுக்கு அரை நாளுக்கு 50, முழு நாளுக்கு 100. வெளிய ஒரு டீ குடிச்சாலே 5 ரூபாக்கு மேல ஆவுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். குரூப் 4 அரசு வேலை பரீட்சைக்கு படிக்கிற பையன் புக்க தொறக்கலன்னா வீட்ல உடனே சோம்பேறின்னு திட்றாங்க, அது தப்புங்க. காலைல இருந்து நைட் வரைக்கும் டெலிவரி வண்டி ஓட்றவன் எப்படி சோம்பேறி ஆவான்? கணக்கு புக்க எடுத்ததும் நமக்கு இது வராதோன்னு ஒரு பயம் வருது, அந்த பயத்துல இருந்து தப்பிக்க போன எடுக்குறான், பத்து நிமிஷம் நிம்மதியா இருக்குது, அந்த நிம்மதிக்கு பழகிட்டா அடுத்த நாளும் அதே கதை தான். ஃபூஷியா சிரோய்ஸ், டிமோதி பிச்சில்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2013ல இதையே தான் எழுதுனாங்க, தள்ளிப் போடுறது டைம் மேனேஜ்மென்ட் பிரச்சனை மட்டும் இல்ல, அந்த நேரத்து மனசு கஷ்டத்த சமாளிக்கிற வழின்னு.

ஆனா அதுக்கு வெலை பெருசு. 1997ல டைஸ், பாமைஸ்டர் ரெண்டு பேரும் காலேஜ் பசங்கள வெச்சி பாத்ததுல, தள்ளிப் போடுறவங்க செமஸ்டர் ஆரம்பத்துல ஜாலியா தான் இருந்தாங்க, கடைசில டென்ஷனும் உடம்பு முடியாம போறதும் அவங்களுக்கு தான் அதிகம், மார்க்கும் கம்மி. நம்ம ஏரியால அத நேர்லயே பாக்கலாம். பரீட்சை நோட்டிஃபிகேஷன் வந்தப்ப டைம் இருக்குதுன்னு சொன்னவங்க கடைசி மாசம் தூக்கம் இல்லாம கெடந்து, எழுதிட்டு வந்து அடுத்த வாட்டி பாத்துக்கலாம்ன்றாங்க, அப்படியே ரெண்டு மூணு வாட்டி போய் கல்யாணம், வண்டி டியூ, கொழந்தைன்னு ஆயிடுது, அப்பா எதிர்ல உக்காந்து சாப்பிடக் கூட கூச்சப்படுறாங்க. இதுல திட்டுனா இன்னும் மோசம் தான் ஆவும். 2010ல கனடாவுல நடந்த ஒரு ஆய்வுல, மொத பரீட்சைக்கு தள்ளிப் போட்டதுக்கு தன்னத் தானே மன்னிச்சிக்கிட்ட பசங்க அடுத்த பரீட்சைக்கு கம்மியா தான் தள்ளிப் போட்டாங்க.

ஒரே ரூம் வீடு, அதுலயே சமையல், டிவி, தம்பி தங்கச்சி. அங்க படிக்க உக்கார்றதே தெனம் ஒரு போராட்டம். படைப்பகத்துல ஸ்லாட்ட முன்னாடியே கார்ப்பரேஷன் வெப்சைட்ல புக் பண்ணிடலாம், அதனால போலாமா வேணாமான்ற யோசனை முந்தின நாளே முடிஞ்சிடுது. உள்ள போனா பக்கத்து சீட்லயும் நாம பரீட்சைக்கு படிக்கிற அதே ஸ்கூல் புக், எதிர்லயும் அதே, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, எல்லாரும் குனிஞ்சி படிக்கிறப்ப நம்ம கையும் தானா பக்கத்த பொரட்டும். ஆரம்பிச்சிட்டா பாதி பயம் போயிடும்.

செல்ஃபோன மட்டும் நீங்க தான் பாத்துக்கணும், அது எந்த ஹாலுக்குப் போனாலும் கூடவே வரும். ஆஃப் பண்ணி பையில போட்டுடுங்க. இன்னொன்னு, சும்மா "கணக்கு படிக்கணும்"னு போவாதீங்க, சீட்ல உக்காந்ததும் தனிவட்டில பத்து கணக்குன்னு வீட்லயே ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க. மொத தடவைக்கு அரை நாள் போதும். சாப்பாடு கட்டிட்டு போனா சாப்பிட தனி இடம் இருக்குது.

வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டன்னு ஒவ்வொரு ஏரியாலயும் நடந்து போற தூரத்துல இந்த மாதிரி ஒண்ணு வேணும். வீட்ல தங்கச்சி, அக்கா பொண்ணு யாராவது படிக்கிறாங்கன்னா அவங்களுக்கும் ஒரு சீட் புக் பண்ணி குடுங்க, வீட்டு வேலைய காரணமா வெச்சி படிப்ப தள்ளிப் போட வேண்டி வர்றது அவங்களுக்கு தான் ரொம்ப நடக்குது.