500 ஜிபி என்று சொல்லித்தான் விற்றார்கள்

வாடகைக்கு சர்வர் எடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள், கடைசியில் டிப்ஸும் தருகிறேன். பெயர் வேண்டாம், மலிவாக மெய்நிகர் சர்வர் விற்கும் ரகம். எனக்குப் போனது ஓராண்டுச் சந்தா, முழுசாக.

வாங்குமுன் சாட்டில் கேட்டேன், 500 ஜிபி வட்டு இடமும் எனக்கு மட்டும்தானா என்று. "உங்களுக்கென்றே ஒதுக்கியது சார், வேறு யாரும் தொட முடியாது" என்றார்கள். உடனே ஓராண்டுச் சந்தாவைக் கட்டினேன். டேட்டாபேஸ் கோப்புக்கு ஃபாலொகேட் (கோப்புக்கான இடத்தை இயங்குதளத்திடம் முன்பதிவு செய்யும் சிஸ்டம் கால்) போட்டு 400 ஜிபியை முதலிலேயே பிடித்தும் வைத்தேன். நொடியில் முடிந்தது, கோப்பு பிடித்த இடத்தைக் காட்டும் டியூ கட்டளை போட்டால் 400 ஜிபி காட்டியது. பின்னால் எழுதும்போது இடமில்லை என்ற பேச்சே வராது என்பதுதானே அந்த சிஸ்டம் கால் தரும் உறுதி?

பாதிகூட நிரம்பவில்லை. சர்வர் உறைந்து நின்றது, அப்புறம் இன்புட் அவுட்புட் எரர். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை ரீட்-ஒன்லிக்குப் போய்விட்டது, படிக்கலாம், எழுத முடியாது. கோப்பில் எழுதும் ரைட் கால் வெற்றி என்று சொன்ன பதிவுகள்கூட வட்டில் இல்லை.

சப்போர்ட்டில் ரீபூட் செய்யச் சொன்னார்கள். கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே ஓட்டச் சொன்னார்கள். "டிஎஃப்பில் 500 ஜிபி தெரிகிறதே சார், எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை" என்று, வட்டின் மொத்த இடத்தைக் காட்டும் கட்டளையைச் சாட்சிக்கு இழுத்து டிக்கெட்டை மூடினார்கள். கடைசியில் ஒருவர் வாய் தவறி உளறினார்: எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொதுவான வட்டுத் தொகுப்பு, அதாவது ஸ்டோரேஜ் பூல், நிரம்பிவிட்டதாம்.

தின் ப்ரொவிஷனிங்! இடத்தை முதலிலேயே ஒதுக்காமல் எண்ணிக்கையை மட்டும் காட்டிவிட்டு, எழுத எழுதக் கொடுப்பது. ஃபாலொகேட் கோப்பு முறைமையின் கணக்கில் பிளாக்குகளை 'ஒதுக்கியது, இன்னும் எழுதாதது' என்று குறிப்பதோடு சரி. கோப்புக்கான டேட்டா ஒரு பைட்டும் கீழே வட்டுக்குப் போகாது. நிஜமாக எழுதும்போதுதான் அந்தப் பூல் இடம் தரும். ஒரே மனையை நாலு பேருக்கு விற்றுவிட்டு, நாலு பேரும் வீடு கட்ட வரமாட்டார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஓராண்டுச் சந்தாவைக் கேட்டால் "விதிமுறைப்படி திருப்பித் தர இயலாது".

சரி, டிப்ஸ். பணம் திரும்பக் கிடைக்கும் கெடுவுக்குள்ளேயே முழு வட்டையும் ரேண்டம் டேட்டாவால் நிரப்பிப் பாருங்கள். பூஜ்யங்கள் வேண்டாம், சில அமைப்புகள் அவற்றை எழுதாமலே விழுங்கிவிடும். எழுதியதை வட்டுக்கே தள்ளச் சொல்லும் எஃப்சிங்க் வெற்றியா, பிழையா, என்ன திருப்பித் தருகிறது என்று நிரலில் பாருங்கள். தின் ப்ரொவிஷனிங்கா இல்லையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பட்டர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் மாதிரி காப்பி-ஆன்-ரைட் (பழைய இடத்தின் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும்) கோப்பு முறைமை என்றால் ஃபாலொகேட்டை நம்பி உட்காராதீர்கள், அது வேறு கதை. பேக்கப் வேறு நிறுவனத்தில்.

இன்னும் எழுதலாம். ஆனால் இப்போதுதான் மெயில் வந்தது, டிக்கெட்டை மறுபடியும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியிருக்கிறார்கள். போய்த் திறக்கிறேன்.