தாளா, தகடா, குழாயா? ஆய்வகத்தில் எதை எப்போது எடுப்பது

கலவையிலுள்ள பொருள்களை, ஒரு திடப்பொருளின் வழியே நகரும் கரைப்பானோடு ஓடவிட்டுப் பிரிப்பதுதான் வண்ணப்பிரிகை (குரோமட்டோகிராஃபி). அதைத் தாளிலும், தகட்டிலும், குழாயிலும் செய்யலாம். பசலைக்கீரையை அசிட்டோன் விட்டு அரைத்து, அந்தப் பச்சைச் சாற்றில் ஒரு சொட்டை வடிதாளிலும் இன்னொரு சொட்டைச் சிலிக்கா ஜெல் பூசிய தகட்டிலும் வையுங்கள். பெட்ரோலியம் ஈதரில் கொஞ்சம் அசிட்டோன் கலந்த கரைப்பானில் இரண்டின் அடிவிளிம்பையும் நனையவிட்டு ஓட்டுங்கள், அதாவது கரைப்பான் மேலேறட்டும். மஞ்சள் நிறக் கரோட்டின் இரண்டிலும் உச்சிக்குப் போய்விடும். அதற்குக் கீழேதான் வரிசை மாறும். தாளில் சாந்தோஃபில் என்ற இன்னொரு மஞ்சள் நிறமி மேலே நிற்க, குளோரோஃபில் ஏ, பி இரண்டும் பின்தங்கும். சிலிக்காவில் குளோரோஃபில்கள் முந்திக்கொள்ள, சாந்தோஃபில் பெரும்பாலும் அடியில் தங்கிவிடும்.

வண்ணப்பிரிகை கற்கும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். புள்ளி நகர்ந்த தொலைவைக் கரைப்பான் நகர்ந்த தொலைவால் வகுத்தால் ஆர்.எஃப். மதிப்பு கிடைக்கும். அது பொருளுக்கு மட்டும் சொந்தமான எண் இல்லை. பொருள், பரப்பு, கரைப்பான் மூன்றும் சேர்ந்து தருவது. புத்தக அட்டவணையில் இருக்கும் 0.45-ஐயும் நம் தகட்டில் வந்த 0.45-ஐயும் ஒப்பிட்டு 'இதுதான் அது' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவது தவறு. தெரிந்த பொருளின் புள்ளி, தெரியாததின் புள்ளி, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த புள்ளி என மூன்றையும் ஒரே தகட்டில் ஓட்ட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த அந்தப் புள்ளி பிளவுபடாமல் ஒன்றாகவே ஏறினால், வேறொரு கரைப்பானிலும் அப்படியே ஏறினால், அப்புறம் பேசலாம்.

அன்றாட வேலைக்கு என் தேர்வு தகடுதான், அதாவது டி.எல்.சி. (மென்படல வண்ணப்பிரிகை). பத்துப் பதினைந்து நிமிடத்தில் விடை வந்துவிடும். தாளில் புள்ளிகள் பரவி மங்கும் இடத்தில் தகட்டில் இறுக்கமாக நிற்கும். கந்தக அமிலம் தெளித்துச் சுட்டாலும் சிலிக்கா தாங்கும், தாள் கருகிவிடும். நிறமற்ற பொருள்களை அயோடின் ஜாடியில் வைத்தோ 254 நானோமீட்டர் புறஊதா விளக்கில் பிடித்தோ பார்க்கலாம். ஆனால் சிலிக்காவுக்குக் கொஞ்சம் அமிலக் குணம் உண்டு. குளோரோஃபிலிலிருந்து மெக்னீசியத்தைக் கழற்றிச் சாம்பல் நிறப் ஃபியோஃபைட்டினாக்கிவிடும். கீரைச் சாற்றில் சாம்பல் புள்ளி தெரிந்தால் அது கீரையிலேயே இருந்ததா, தகட்டில் உருவானதா என்று கேட்டுப் பழக வேண்டும்.

அப்படியானால் தாள் பழசாகிவிட்டதா? இல்லை. அமினோ அமிலங்களைப் பிரிக்க 1944-இல் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் வெளியிட்ட முறை இது. இன்றும் அந்த வேலைக்கு அருமையாக இருக்கிறது. தாளின் செல்லுலோஸ் பிடித்து வைத்திருக்கும் நீருக்கும், ஏறிவரும் பியூட்டனால்–அசிட்டிக் அமிலக் கலவைக்கும் இடையே அமினோ அமிலங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. நீரை விரும்பும் கிளைசின் பின்தங்க, லியூசின் வெகுதூரம் போகும். அமினோ அமிலங்களை நிறமாகக் காட்டும் நின்ஹைட்ரினைத் தெளித்துச் சூடாக்கினால் ஊதா; புரோலின் மட்டும் மஞ்சள். கையுறை இல்லாமல் தாளைத் தொட்டால் விரல் வியர்வையிலுள்ள அமினோ அமிலங்களும் ஊதாவாகத் தெரியும். குறை நேரம்தான், சில மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கண்ணாடிக் குழாயில் சிலிக்கா போன்ற பொருளை நிரப்பி, மேலே கலவையை வைத்து, கரைப்பானை ஊற்றிக் கீழிறக்கும் குழாய் முறை இவற்றுக்கெல்லாம் மூத்தது. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் 1903-இல் வார்சாவில் இலை நிறமிகளைப் பிரித்த தன் ஆய்வைப் பற்றிப் பேசினார். நம் ஆய்வகங்களில் இதற்கு வழக்கமாகத் தரும் கலவை ஆர்த்தோ, பாரா நைட்ரோஅனிலின்; ஒரே அணுக்கள், தொகுதிகள் அமர்ந்த இடம் மட்டும் வேறு. ஆர்த்தோவில் அமினோ தொகுதி பக்கத்து நைட்ரோ தொகுதியோடு தனக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்வதால் சிலிக்காவைப் பற்றும் வலு குறைவு. அதுதான் முதலில் இறங்கும். பாராவுக்கு அந்த வசதி இல்லை, சிலிக்காவோடு ஒட்டிப் பின்தங்கும்.

இதற்குப் பொறுமை வேண்டும். சிலிக்காவைக் கரைப்பானில் குழைத்து ஊற்றி, குழாயைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழ் இல்லாமல் படியவிட வேண்டும். கரைப்பான் மட்டம் சிலிக்காவுக்குக் கீழே இறங்கவே கூடாது. எங்கள் குழு ஒருமுறை அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். சிலிக்கா உலர்ந்து விரிசல் விட்டது, இரண்டு பட்டைகளும் அந்த விரிசல் வழியே ஒன்றாக வழிந்தன. மூன்று மணி நேர வேலை போயிற்று.

தகடு இல்லாமல் குழாயும் ஓடாது. எந்தக் கரைப்பானில் பிரியும் என்று முதலில் தகட்டில் பார்த்து, புள்ளியின் ஆர்.எஃப். 0.2, 0.3 அளவில் நிற்கும் கலவையைத்தான் குழாய்க்கு எடுப்பார்கள். சோதனைக்குழாய்களில் பிடித்த ஒவ்வொரு பங்கையும் மறுபடி தகட்டில்தான் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டாலும் குழாயை விடக்கூடாது என்பேன், ஏனென்றால் பொருளையே கையில் தருவது அது ஒன்றுதான். கரைப்பானை ஆவியாக்கி, படிகத்தை உலர்த்தி உருகுநிலை பாருங்கள். ஒரு குப்பியில் 71 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகினால் ஆர்த்தோ. மற்றதில் 147-ஐ ஒட்டி உருகினால் பாரா.