ஆர்எக்ஸ் 100-க்கு ‘கியர் ஆயில்’ மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருக்கிறவர்கள் யாரும் பட்டறையில் வண்டியை நிறுத்தி, “கியர் ஆயில் மாத்திருங்க அண்ணாச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். நான் போனேன். அந்த ஒரு டீக்கு நாலு மாதமும் நாலாயிரம் ரூபாய்க்கு மேலும் போனது. பணத்தை விடுங்கள், திரும்பக் கிடைக்காத சாமான் ஒன்றும் போய்விட்டது.

வண்டி 1992 மாடல். எங்கள் சித்தப்பா புதிதாக எடுத்து, பத்தமடையிலிருந்து பேட்டை வரை இருபது வருடம் வேலைக்கு ஓட்டியது. அவர் காலமான பிறகு என்னிடம் வந்தது. இஞ்சினில் பெரிய கை வைத்ததே கிடையாது. சித்தப்பா தன் கையாலேயே ஆயில் மாற்றுவார். அவர் என்ன ஆயில் ஊற்றினார் என்று ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளாதது என் தவறு.

தை மாதம் பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் விட்டேன். பேர் சொல்லப் போவதில்லை. கூட்டமான பட்டறைதான், பழைய வண்டிகளும் நாலைந்து நின்றன. நம்பிக்கையாக இருந்தது. திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. சர்வீஸ் கூலி போக, கியர் ஆயில் ஒரு லிட்டர் 420 ரூபாய் என்றார்கள். காலி பாட்டிலும் இல்லை, மீதி ஆயிலும் இல்லை. இந்த வண்டிக்கு கியர்பாக்ஸில் 650 மில்லிதான் பிடிக்கும். ஒரு லிட்டருக்குக் காசு வாங்கினால் மீதி 350 மில்லி எங்கே என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் பாட்டிலே உடைக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்திருக்கும்.

முதலில் தெரிந்தது காலையில்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து ஃபர்ஸ்ட் கியர் போட்டால் ‘டக்’கென்று முன்னால் குதிக்கும். கிளட்சை முழுக்கப் பிடித்திருந்தாலும் வண்டி இழுக்கும். வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழாது. பிறகு சூடேறினால் நேர் எதிராக, கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறேன். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது திராட்டிலை முறுக்கினால் இஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் டவுன் பஸ் ஹாரனை விடாமல் அடிக்கிறான். அம்மா இறங்கி, தேங்காய்ப் பையோடு பாலத்தின் ஓரமாகவே நடந்து வந்தார்கள். எழுபத்திரண்டு வயது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை.

அதே பட்டறைக்குத்தான் மறுபடியும் போனேன். “கிளட்ச் பிளேட் தேஞ்சிட்டு தம்பி. பழைய வண்டின்னா இப்படித்தான்” என்றார். பிளேட், ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். பழைய பிளேட்டைக் கேட்டேன். “குப்பையில போட்டாச்சே” என்றார். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. இன்றைக்குக் கம்பெனி பிளேட்டுக்கு ஊர் ஊராக அலைகிறார்கள். வண்டியோடு வந்த அசல் பிளேட் என்று சித்தப்பா சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது அது. எனக்கு மாட்டிவிட்டது டூப்ளிகேட்.

மூன்றே வாரத்தில் மறுபடி நழுவியது. இந்த முறை, “கியர்பாக்ஸைப் பிரிச்சுத்தான் பாக்கணும், ஆறாயிரம் ஆறாயிரத்தைந்நூறு ஆகும்” என்றார்கள். முன்பணமாக இரண்டாயிரம் கொடுத்தும்விட்டேன். அன்றிரவு மனசு கேட்கவில்லை. மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முன்பணத்தில் ஐந்நூறுதான் திரும்பி வந்தது.

பேட்டையில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வீட்டு முன்னால் தகரம் இறக்கி, டூ ஸ்ட்ரோக் வண்டி மட்டும் பார்க்கிறவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எதையும் பிரிக்கவில்லை. ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு, அடியில் டிரெயின் போல்டைக் கழற்றி ஒரு வெள்ளைத் தட்டில் ஆயிலை இறக்கினார். விரலில் தொட்டார், மூக்கருகே கொண்டுபோனார், என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்க வாங்க. மோந்து பாருங்க.”

அழுகின முட்டையும் தீக்குச்சி மருந்தும் சேர்ந்த மாதிரி ஒரு கந்தக நாற்றம். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பிரித்தால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது.

“இது லாரி பின் அச்சுல கெடக்க கிரவுன் பல்சக்கரத்துக்கு ஊத்துதது. தொண்ணூறாம் நம்பர். இத யாரு இதுல ஊத்துனது?”

“கியர் ஆயில் மாத்தச் சொன்னேன் அண்ணாச்சி.”

“அதான பாத்தேன். கியர் ஆயிலுன்னா அவன் கேன்ல இருக்கத ஊத்திட்டான். உங்க வண்டியில கியரும் கிளட்சும் ஒரே ஆயில்லலா கெடக்கு!”

விஷயம் இவ்வளவுதான். இதை எனக்கு முன்னமே யாராவது சொல்லியிருக்கலாம். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இஞ்சினுக்கு 2டி ஆயில் தனியாகப் போய் பெட்ரோலோடு எரிந்துவிடும். கியர்பாக்ஸில் இருக்கிற ஆயில் வேறு. அதை நாம் ‘கியர் ஆயில்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஆயில் கடையில் கியர் ஆயில் என்றால் 90, அதாவது லாரி, கார் கிரவுனுக்கானது. ஆர்எக்ஸ் 100-இன் கிளட்ச் பிளேட்டுகள் கியர்பாக்ஸ் ஆயிலிலேயே நனைந்துகொண்டு ஓடுகிறவை. 90-இல், அதிலும் ஜிஎல்-5 என்று தரம் போட்டிருப்பதில், பல்லும் பல்லும் உரசித் தேயாமல் இருக்கக் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து நிறையக் கலந்திருக்கும். கிரவுனுக்கு அது உயிர். ஈரக் கிளட்சுக்கோ அதுதான் எமன். ஒன்றையொன்று பிடிக்க வேண்டிய பிளேட்டுகளை வழுக்கிவிடுகிற வேலையை அது செய்கிறது. பித்தளை, வெண்கல புஷ் இருக்கிற இடங்களில் அந்த மருந்து உலோகத்தையும் அரிக்கலாம்.

இன்னொரு குழப்பம் நம்பரில். 90 கியர் ஆயில் என்றால் 40 இஞ்சின் ஆயிலைப்போல இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. சூட்டில் பார்த்தால் 90 கியர் ஆயிலின் கெட்டித்தன்மை கிட்டத்தட்ட 40, 50 இஞ்சின் ஆயிலுக்குச் சமம்தான். அதனால் “கொஞ்சம் கெட்டியா இருந்தா கியருக்கு நல்லதுதான” என்று யாராவது சொன்னால், சிக்கல் கெட்டியில் மட்டும் இல்லை, உள்ளே கலந்திருக்கிற மருந்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வண்டிக்கு ஊற்ற வேண்டியது ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு விற்கிற இஞ்சின் ஆயில்தான். யமஹா சொன்னது 10டபிள்யூ30. நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ40 ஊற்றுகிறவர்கள்தான் அதிகம், நானும் இப்போது அதுதான். பாட்டிலின் பின்பக்கம் ‘ஜாஸோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்க வேண்டும். ஈரக் கிளட்சுக்கு ஏற்றது என்று ஜப்பான்காரர்கள் வகுத்த தரம் அது. 1998-இல்தான் வந்தது. அதனால் வண்டியோடு வந்த பழைய புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ‘எம்பி’ என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு, வாங்காதீர்கள். மைலேஜ் கூடும் என்று விற்கிற கார் ஆயிலும் வேண்டாம், அதுவும் கிளட்சை வழுக்கிவிடும்.

பழைய ஜாவா, எஸ்டி பைக் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கதைதான், அவற்றிலும் கிளட்சும் கியரும் ஒரே ஆயிலில். பழைய காஸ்ட் அயர்ன் இஞ்சின் புல்லட் மட்டும் வேறு சாதி. அதில் கிளட்ச் இடதுபக்கம் தனிப் பெட்டியில், கியர்பாக்ஸ் தனியாக. அதற்கு 90 ஊற்றலாம். ஆனால் உள்ளே வெண்கல புஷ் இருப்பதால் அந்த மருந்து குறைவான ஜிஎல்-4 பார்த்து வாங்குங்கள் என்று பெரியவர் சொன்னார்.

அவர் பிளேட்டுகளைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, எமரி ஷீட்டில் லேசாகத் தேய்த்து, புது ஆயிலில் ஒரு ராத்திரி ஊறவைத்து மாட்டினார். என் கண்முன்னால் சீல் உடைத்து, அளவு ஜாடியில் 650 மில்லி அளந்து ஊற்றினார். மீதியை மூடி என் கையில் கொடுத்தார். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் அதையும் இறக்கிவிட்டு மறுபடி புதிது ஊற்றினோம், பழைய நாற்றம் கொஞ்சமும் மிஞ்சக் கூடாது என்று. எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது கூலி எழுநூறு. கியர்பாக்ஸைப் பிரிக்கவே தேவைப்படவில்லை.

முதல் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். “ஆயில் எல்லாம் ஒண்ணுதான் தம்பி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னிடம் இருந்தது ‘சர்வீஸ்’ என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு மட்டும். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம் என்றார்கள். என்ன ஆயில், என்ன பிளேட் என்று எழுதிய பில் இல்லாமல் எதைக் காட்டிப் பேசுவது? ஆயில் பேரும் சாமான் பேரும் போட்டு பில் தராத இடத்தில் வண்டியை விடாதீர்கள். கழற்றிய சாமானைக் கையோடு வாங்கிவிடுங்கள், உடைந்திருந்தாலும் சரி.

நான் ஊரில் இல்லாத நேரம் தம்பி இந்த வண்டியை எடுப்பான். அதனால் சைடு கவரைக் கழற்றி, உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘20டபிள்யூ40, எம்ஏ, 650 மில்லி. 90 ஊத்தாதீங்க.’